ரெஜினா டீச்சரோடு போடாத சண்டை

போன செவ்வாய்க்கிழமை பதுளை பஸ் நிலையத்தில் ஒரு பெண் என்னை மறித்தார். கையில் ஆஸ்பத்திரி மருந்துப் போத்தல், தலையில் கம்பளித் துண்டு. பண்டாரவளை பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"நீங்க எங்க ரெஜினா டீச்சரோட சண்டை போட்ட மிஸ்தானே?" என்றார்.

என்னவென்று சொல்வது? இந்தப் பத்தியை வாசித்து அடையாளம் கண்டுகொண்டார் என்றால் பெருமைப்பட்டிருப்பேன். வாரா வாரம் மாங்கு மாங்கென்று எழுதுகிறேன். பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டமே என்னை நினைவு வைத்திருப்பதென்னவோ, நான் போடாத ஒரு சண்டைக்காக!

"ஆமாங்க" என்றேன். மறுத்தால் விளக்க வேண்டும். விளக்க ஆரம்பித்தால் அவருடைய பஸ் போய்விடும். அவர் என் கையைத் தொட்டு, நல்லா இருங்க மிஸ் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

அவருக்குச் சொல்லாத விளக்கத்தை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்குத்தான் பிடிக்க வேண்டிய பஸ் ஒன்றும் இல்லையே.

சண்டைக்குக் காரணம் நகை இல்லை, நிலபுலன் இல்லை, ஆம்பிளையும் இல்லை. ஆய்வு முறையியல்!

இந்த வயதில் நான் மறுபடியும் மாணவியான கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சுருக்கமாக: பதுளையில் ஓர் அரசாங்க ஆபீசில் மொழிபெயர்ப்பாளராகக் குப்பை கொட்டுகிறேன். மொழிபெயர்ப்புக்கென்றே கொழும்பில் ஒரு மேற்பட்டப் படிப்பு ஆரம்பித்தார்கள். ஆசை யாரை விட்டது? விண்ணப்பித்தேன், கிடைத்தும் விட்டது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வகுப்பு. போக ஓர் இரவு, திரும்பிவர ஒரு முழுப் பகல்.

வருடக்கணக்காகச் செய்துவரும் வேலைதானே, இதில் படிக்க என்ன இருக்கப் போகிறது என்று மிதப்பாகத்தான் போனேன். முதல் பாடமே ஆய்வு முறையியல். நான் மொழிபெயர்த்த நோட்டீஸ் ஒன்றைப் புரொபசர் கையில் எடுத்தார். தோட்டத்துத் தாய்மார் கிளினிக்குக்கு வருவது பற்றியது. இது சரியான மொழிபெயர்ப்பு என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.

எனக்குத் தெரியும் சார் என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சாப் போதாதே, மிஸ்" என்றார்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உண்மைதானே? இத்தனை காலமும் நான் எழுதிக் கொடுத்த தமிழை யார் வாசித்தார்கள்? அவர்களுக்கு அதில் என்ன விளங்கியது? ஒருநாளாவது எனக்குத் தெரியுமா? மேலதிகாரி கையெழுத்துப் போடுவார், கடதாசி தோட்டத்துக்குப் போகும், அதோடு சரி.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்றார் புரொபசர். ஆங்கில நோட்டீஸ்களை ஒவ்வொன்றாக நான் தமிழாக்க வேண்டும். மூலத்தைக் கண்ணாலும் பார்க்காத இரண்டாவது ஆள் ஒருவர், என் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு அதை மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். பிறகு இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வழியில் எது உதிர்ந்தது, எது புதிதாக ஒட்டிக்கொண்டது என்று தெரிந்துவிடும். எளிமையான ஏற்பாடுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. வேலை முழுக்க முடியும்வரை அந்த இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது. பேசிவிட்டால் பரிசோதனை கெட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

தேநீர் இடைவேளை முடிவதற்குள் வகுப்பில் எல்லாரும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். கொழும்புக்காரர் கொழும்புக்காரரோடு, ஒரே ஆபீஸ்காரர் ஒரே ஆபீஸ்காரரோடு. மிஞ்சியது நான் ஒருத்தி. பதுளை அவ்வளவு தூரமாச்சே, உங்கள் ஊரிலேயே ஒருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அன்பாகத்தான் சொன்னார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஆராய்ச்சி என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்கிற வேலை என்றுதானே நாமெல்லாம் நினைத்திருக்கிறோம்? இல்லவே இல்லை. தகவல் தருகிறவர், சரிபார்க்கிறவர், இரண்டாவது வாசகர்... முறையியல் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் இன்னோர் ஆள் தேவைப்படுகிறார். யாருமில்லாதவர்கள் என்ன செய்வது என்று ஒரு அடிக்குறிப்புக்கூடக் கிடையாது.

நான் யாருமில்லாதவள். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். பதுளைக் கடைவீதியில் ஒரு புடவைக் கடை முதலாளி வீட்டின் பின்பக்கத்து அறையில் குடியிருக்கிறேன். அந்த வீட்டு அக்கா, ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், தங்கமான மனுஷி. நோன்புக் காலத்தில் எனக்கும் கஞ்சி தவறாமல் வரும். கஞ்சியை வைத்துவிட்டு அவர் தன் பிள்ளைகளிடம் போனபிறகு, அந்த அறையில் கேட்பது என் கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

ஞாயிறு பகல் ரயிலும் அப்படித்தான். மலை ஏறிக் குளிர ஆரம்பித்ததும் பெட்டியில் ஒவ்வொரு குடும்பமாகச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும். எனக்கும் கொஞ்சம் நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவ்வளவு தேயிலையை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, இரண்டாவது ஆளைத் தேடினேன். ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி வரவில்லை. என் ஒற்றுப்பிழைகளையெல்லாம் சிவப்பு மையில் திருத்தி, இன்னும் கவனம் தேவை என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஒரு வழக்கறிஞரைக் கேட்டேன். மூலத்தைப் பார்க்காமல் எதையும் மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட மாட்டேன், பிறகு கோர்ட்டில் நிற்பது யார் என்றார். இவரிடம் எப்படி மூலத்தைப் பார்க்காமலிருப்பதுதான் வேலையே என்று விளக்குவது?

மிச்சம் இருந்தது ரெஜினா.

உண்மையைச் சொன்னால், முதலிலேயே அவள் நினைவுதான் வந்தது. வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன். காரணம், இந்த ஊவா மாகாணம் முழுவதிலும் நான் வாய்விட்டுப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

ரெஜினா தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலேயே பிறந்தவள். கான்வென்ட் சிஸ்டர்மார் பண்டாரவளைக்குக் கூட்டிப்போய்ப் படிக்க வைத்ததில் நல்ல ஆங்கிலம் அவளிடம் சேர்ந்துவிட்டது. அம்மா இல்லை. வேலையிலிருந்து ஓய்ந்துவிட்ட அப்பாவோடு இருந்தாள். எனக்கு வகுப்பில்லாத வாரத்து ஞாயிறுகளில் பண்டாரவளைச் சந்தைக்கு இருவரும் வருவோம். மரக்கறி வாங்கி முடித்ததும் பேக்கரியில் ஆளுக்கொரு பிளேன்டீ, ஒரு பணிஸ். பிறகு கடைசி பஸ் வரைக்கும் பேச்சு. அவளுடைய வகுப்புப் பிள்ளைகளின் குறும்பு, என் மேலதிகாரியின் மூக்குத்தூள், போன வாரம் எழுதிய இந்தப் பத்தி... எதைத்தான் பேசவில்லை?

தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் இங்கிலீஷுக்கு இப்பதான் ஒரு வேல வந்திருக்குக்கா என்றாள். நிபந்தனையைச் சொல்லி, நோட்டீஸைப் பற்றி மட்டும்தான் பேசக் கூடாது, மற்றதெல்லாம் பேசலாம் என்றேன்.

அவள் சிரித்தாள். "நம்மளால அது முடியுமாக்கா? வாயத் தொறந்தா எல்லாம் வந்துரும். முடியிற வரைக்கும் பேசவே வேணாம்."

டீச்சர் அல்லவா? சட்டம் போட்டால் போட்டதுதான். அன்றிலிருந்து கவர்கள் மட்டும் போய்வந்தன. பூனாகலை பஸ் கண்டக்டரிடம் என் தமிழைக் கொடுப்பேன். சில நாள் கழித்து அவளுடைய ஆங்கிலத்தை அதே கண்டக்டர் கொண்டுவந்து தருவார். வேறு ஒரு துண்டுக் கடதாசிகூட உள்ளே இருக்காது.

சந்தையில் பார்த்துக்கொள்ளத்தான் செய்தோம். லீக்ஸ் குவியலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கண்ணும் கண்ணும் சந்தித்ததும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சட்டென்று திரும்பிவிடுவாள். நானும் திரும்பிவிடுவேன். ஆரம்பத்தில் இது பெரிய விளையாட்டாக இருந்தது. மழைக்காலம் வந்தபோது விளையாட்டுப் போய்விட்டது. பேக்கரியில் தனியாக உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பேன். டீச்சர் வரல்லியா என்று பேக்கரிக்காரர் கேட்பார். சில வாரத்தில் அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

முதல் கவரைப் பிரித்தபோது நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தாய்மார் கிளினிக்குக்கு வந்தால் நல்லது என்பதுதான் மூலம். ரெஜினாவின் ஆங்கிலத்திலோ, தாய்மார் கட்டாயம் சமுகமளிக்க வேண்டும், தவறினால் காரணம் சொல்ல வேண்டும் என்ற தோரணை! தப்பு அவளுடையதில்லை. என் ஆபீஸ் தமிழ் அப்படி. யோசனையாகப் போனது உத்தரவாகத் திரும்பி வந்திருந்தது. பிள்ளைத்தாச்சிகளை இத்தனை காலமாக அதட்டிக்கொண்டிருந்தேனா? எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. இதைக் கேட்டால் மேசையைத் தட்டிச் சிரிக்கக்கூடியவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவளிடம்தான் சொல்லக் கூடாது. அறையில் தனியாகச் சிரித்துப் பார்த்தேன், நன்றாக இல்லை.

அதன்பிறகு நோட்டீஸ்களை வேறு மாதிரி எழுதத் தொடங்கினேன். எதிரே ரெஜினா பணிஸைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குச் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டு எழுதினேன். வாக்கியம் கொஞ்சம் விறைத்தால், என்னக்கா இது என்று அவள் புருவத்தைத் தூக்குவது தெரியும். உடனே அடித்துவிட்டு மாற்றுவேன். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு நின்ற பிறகு எனக்குக் கிடைத்த பேச்சு அது ஒன்றுதான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் கண்டக்டர் கவரோடு ஒரு தகவலும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிகிற நேரத்துக்குத் தோட்டத்து மாதா கோயிலுக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் நடத்துகிறவர் அவர்தான். மற்ற நாட்களில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. என்னை எதற்குக் கூப்பிடுகிறார்? பிள்ளைகளின் பரிசளிப்பு விழாவாக இருக்கும் என்று நானே முடிவுகட்டி, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, சின்னதாக ஒரு பேச்சும் தயார் செய்துகொண்டு போனேன்.

விழா எதுவும் இல்லை. ஜெபம் முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உபதேசியார் என்னை ஒரு வாங்கில் உட்காரச் சொன்னார். எதிர் வாங்கில் ரெஜினா தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

மெல்லத்தான் விளங்கியது. சந்தையில் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதைத் தோட்டமே பார்த்திருக்கிறது! ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்கிற லயத்து மக்களுக்கு, இரண்டு பேர் பேசாமலிருப்பது சின்ன விஷயமில்லை. காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். நான் ரெஜினாவுக்குப் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளை சரியில்லையாம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சண்டையே இல்லைங்க, இது ஆராய்ச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உபதேசியார் பேசிவிட்டார்.

"என்ன கோவமா இருந்தாலும் விட்ருங்க மிஸ். வார வெள்ளிக்கிழம டீச்சரும் அப்பாவும் கோச்சி ஏறுறாங்க. மனசுல கோவத்தோட அவங்கள கப்பலுக்கு அனுப்பக் கூடாதுங்க. இனிமே எங்க பாக்கப் போறோம்?"

கோச்சி என்றால் ரயில். எந்தக் கோச்சி, எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று பதிவானவர்களுக்குப் பாஸ்போர்ட் வந்து நாளும் குறித்துவிட்டால், வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்வார்கள். பேச்சில்லாதவர்களோடு ராசியாகாமல் தோட்டம் யாரையும் அனுப்பாது. எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, கையைப் பிடிக்க வைத்து, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்க வைப்பார்கள்.

ரெஜினாவைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. பாஸ்போர்ட் வந்து எத்தனையோ வாரமாகியிருந்தது. தோட்டத்துக்குத் தெரியும், பேக்கரிக்காரருக்குத் தெரியும், கவர் கொண்டுவந்த கண்டக்டருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அவள் பேசினால்தானே தெரியும்?

கோப்பை வந்தது. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். என் மேல தப்பிருந்தா மன்னிச்சிருங்கக்கா என்று, சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொன்னாள். நானும் சொன்னேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அத்தனை பேர் கலங்கி நிற்கும்போது முறையியலை விளக்க எனக்கு மனம் வரவில்லை. விளக்கியிருந்தாலும்... ஒரு கடதாசி வேலைக்காக இரண்டு பேர் மாதக்கணக்கில் பேசாமலிருந்தார்கள் என்பதை அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

இனி நிம்மதியாகப் பேசுங்கள் என்று எங்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ரெஜினா கைப்பையைத் திறந்து கவரை எடுத்தாள். இன்னும் பாதி பாக்கி இருக்கிறது என்றாள். கிடக்கட்டும், இப்போதாவது பேசுவோம் என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"அப்ப இத்தன நாளா பேசாம இருந்தது எதுக்குக்கா?" என்றாள்.

அவளே மெதுவாகச் சொன்னாள். பாஸ்போர்ட் வந்த அன்றைக்கே என்னிடம் ஓடிவரத்தான் நினைத்தாளாம். வந்தால் அழுவோம், பேசுவோம், ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே போகும், வேலை பாதியில் நின்றுவிடும். படித்த ஆங்கிலத்துக்கு இதுவரை வந்த வேலை, லயத்துக்கு வரும் தந்தியை வாசித்துச் சொல்வது மட்டும்தான். அங்கே போய் என்ன செய்யப் போகிறாள், எங்கே இருக்கப் போகிறாள், எதுவும் தெரியாது.

"நான் இங்க முழுசா முடிச்ச வேல ஒண்ணாவது இருக்கட்டும்க்கா."

பிள்ளைகளின் குட்டை வாங்கில் குனிந்து எழுத ஆரம்பித்தாள். நான் அறையின் மறுகோடியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருக்கக் கூடாதல்லவா? மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சுவரில் மாம்பழமும் அன்னாசியும் வரைந்த படங்கள் தொங்கின. ஒரே ஒரு தடவை அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ ஓரிடம் விளங்கவில்லை போலும், கேட்க வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு தானாகவே எழுதினாள். அப்போது எனக்கு வந்த அழுகையை எந்த மொழியிலும் சொல்லத் தெரியவில்லை.

கடைசித் தாளை மடிக்கும்போது வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டது. அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை. கவரை ஒட்டி என் கையில் கொடுத்து, ஓடுங்கக்கா என்றாள். ஓடினேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பண்டாரவளை ஸ்டேஷனுக்குப் போனேன். இப்போது பேசலாம், எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஒரு தோட்டமே பிளாட்போமில் நின்று அழும்போது என்ன பேசுவது? நெருக்கியடித்துக்கொண்டு யன்னலை எட்டினேன். அவளுடைய அப்பா தகரப்பெட்டியை அணைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருந்தார். ரிசல்ட் வந்ததும் எழுதுங்கக்கா என்று ரெஜினா கத்தினாள். எந்த விலாசத்துக்கு என்று நானும் கத்தினேன். அங்க போனாத்தான் தெரியும் என்றாள். ரயில் நகர்ந்துவிட்டது. இதை எழுதும்வரை விலாசம் எதுவும் வரவில்லை.

போன வகுப்பில் புரொபசர் என் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆரம்பத்துத் தாள்களில் நிறைய இடைவெளி. போகப்போகக் குறைகிறது. கடைசித் தாள்களில் மூலமும் ரெஜினாவின் ஆங்கிலமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் சந்தேகம். நடுவில் இரண்டு பேரும் பேசியிருக்கிறீர்கள் என்றார். பேசியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அது குற்றமில்லை, வேறு ஆளைப் பிடித்து முதலிலிருந்து செய்தால் போயிற்று என்றும் சொன்னார்.

வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இல்ல சார். நாங்க பேசிக்கொள்ளவே இல்ல" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். எனக்குத்தான் இன்னும் நம்ப முடியவில்லை.